கழுத்துக்குக் கட்டம் இல்லை

மனிதனுக்குக் கழுத்து என்று ஒன்று உண்டா என்பதில் மாவட்ட உறுப்பளவு வாரியம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வாரியத்தைக் குறை சொல்லக் கூடாது. அதன் படிவத்தில் கை இருக்கிறது, கால் இருக்கிறது, கண், காது, வாய், மனம் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். தலைக்கும் உடம்புக்கும் நடுவே ஏதோ இருப்பதாகப் பொதுமக்களிடமிருந்து அவ்வப்போது தகவல் வருகிறதாம். பரிசீலனையில் இருக்கிறது.

கடலூர் செம்மண்டலத்தில் இருக்கும் அந்த வாரியத்துக்கு ஏழு தடவை போய் வந்து இதைத் தெரிந்துகொண்டேன். என் கழுத்துக்காகப் போகவில்லை. என் கழுத்து டிக்கெட் கேட்கும்போது எல்லாப் பக்கமும் திரும்புகிறது. நான் கலைமணி, நடத்துநர். கொள்ளிடக்கரைக் கூட்டுறவுப் பேருந்துச் சங்கத்தில் சிதம்பரம் - குமராட்சி வண்டி. அந்த வண்டியை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் ஹிதாயத்துல்லா. ஊருக்கும் எனக்கும் அவர் பாய். அவர் மனைவி சலீமா பீவியை நான் அக்கா என்று கூப்பிடுவதால் அவருக்கு நான் மச்சான். கட்டிய மனைவியோடு இருந்ததைவிட அதிக நேரம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டிக்குள் இருந்திருக்கிறோம்.

பாய்க்கு இடது கன்னத்துக்குள் ஒரு புண் வந்தது. ஓட்டுநர்கள் பலரைப் போல அவரும் அந்த இடத்தில் புகையிலை ஒதுக்கி வைத்திருந்தவர். வாய்ப் புற்று என்றார்கள். கன்னத்தை அறுத்து, இடது கழுத்தில் இருந்த நெறிக்கட்டிகளையெல்லாம் வழித்தெடுத்து, அப்புறம் முப்பத்துமூன்று நாள் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்தார்கள். "நோய் சுத்தமாப் போயிடுச்சு" என்று பெரிய டாக்டர் சொன்னார். அது உண்மை. நோய் போகும்போது கழுத்தையும் கையோடு கொண்டு போய்விட்டது, அவ்வளவுதான்.

தோல் வெயிலில் கிடந்த டயர் டியூப் மாதிரி இறுகிவிட்டது. தலை இடது பக்கம் சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. வலது பக்கம் திரும்பாது. இடது தோள் சரிந்து, கை மார்புக்கு மேலே ஏறாது. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி தினமும் விரல்களைச் சுவரில் நடக்கவிட்டுக் கையை ஏற்றுவார். எட்டிய இடத்தில் அக்கா பென்சிலால் ஒரு கோடு போடுவார். முதல் மாதம் கோடுகள் ஏறின. அப்புறம் ஒரே கோட்டின் மேல் கோடு விழுந்து விழுந்து அந்த இடம் மட்டும் கறுத்துப்போனது. அந்தச் சுவரைப் பார்க்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

தொழுகையில்தான் அவருக்கு ரொம்பக் கஷ்டம். ஆரம்பத்தில் இரண்டு கையையும் காது வரை உயர்த்த வேண்டும். இடது கை வராது. முடிவில் முகத்தை வலப்புறம் திருப்பி ஒரு சலாம், இடப்புறம் திருப்பி ஒரு சலாம், வலப்புறம் வராது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் அழாத குறையாகக் கேட்டிருக்கிறார். "முடிஞ்ச வரைக்கும் செய்யுங்க பாய், மிச்சத்துக்குக் கண்ணால ஜாடை போதும்" என்று அவர் சொன்னாராம். விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. படிவம் கிடையாது, போட்டோ கிடையாது.

வேலைக்குத் திரும்பலாம் என்று போனபோது சங்கத்தின் மேலாளர் சுப்பராயலு விதியை எடுத்துச் சொன்னார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து, வண்டி வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் எழுத வேண்டும். பாய்க்கு ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் பாக்கி. அந்த நாற்காலி கிடைத்தால் போதும் என்றார்.

"வாரியத்துல ஊனச் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொண்டாங்க பாய், நாற்காலி ஒங்களுது. இல்லாட்டி ஸ்டியரிங்குதான். சங்கத்துல ரெண்டு சீட்டுதான் இருக்குது" என்றார் சுப்பராயலு.

"கழுத்து திரும்ப மாட்டேங்குதே சார், எப்புடி ஓட்டுறது?"

"அத நான் சொல்ல முடியாதுங்க. வாரியம் சொல்லணும்."

முதல் தடவை போனபோது வாரியத்தின் ஜன்னலில் தமிழ்ச்செல்வி என்ற பெண் உட்கார்ந்திருந்தார். நல்ல பெண். படிவத்தை மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்தார்.

"கழுத்துக்குக் கட்டம் இல்லீங்களே. தலையில சேக்குறதா, ஒடம்புல சேக்குறதா?"

"ரெண்டுக்கும் நடுவுலதாம்மா இருக்குது," என்றார் பாய்.

"நடுவுலன்னு போட முடியாதுங்க. கம்ப்யூட்டர் ஏத்துக்காது. ஒண்ணு பண்ணுங்க, பக்கத்துல இருக்குற எல்லாத்தையும் காட்டிட்டு வந்துடுங்க."

காட்டினோம். கை டாக்டர் மேசையில் ஒரு பேனாவை வைத்து எடுக்கச் சொன்னார். பாய் எடுத்தார். கை நலம். தோள் ஏறவில்லையே என்றேன். பேனா கீழேதானே இருக்கிறது என்றார். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பு அருமை என்றார். இறுகியது சதையாம், அது அவர் துறை இல்லை. காது டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பாய் உடம்போடு திரும்பினார். காது நலம். கண் டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பலகை வலப்பக்கம் இருந்ததால் பாய் நாற்காலியோடு திரும்பிப் படித்தார். கண் நலம். நான்காவது தடவை முடிந்தபோது பாயின் பையில் நான்கு நலச் சான்றுகள் இருந்தன. எழுத்துப்பூர்வமாக இவ்வளவு ஆரோக்கியமான ஆள் கடலூர் மாவட்டத்தில் வேறு யாரும் இல்லை.

ஐந்தாவது தடவை 'வலி விசாரணை'. ஒரு அதிகாரி கேட்பார், நாம் சொல்ல வேண்டும், அவர் எழுதுவார்.

"எப்படி இருக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பாய்.

யார் நலம் கேட்டாலும் அவர் வாயில் வருவது அதுதான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது நான் கேட்டதற்கும் அதையேதான் தாளில் எழுதிக் காட்டினார். இல்லாததைச் சொல்லி அழக் கூடாது, இருப்பதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வளர்ந்த மனிதர்.

"அப்டின்னா?" என்றார் அதிகாரி.

"எல்லாப் புகழும் இறைவனுக்குன்னு அர்த்தங்க."

"அப்ப புகார் ஒண்ணும் இல்ல."

"இல்ல சார், வலி இருக்குது. படுத்தா ஒரு பக்கமாத்தான் படுக்க முடியுது. சோறு முழுங்கினாக்கூட இழுக்குது. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்க, அதுக்கு..."

"முதல்ல சொல்றதுதாங்க வாக்குமூலம்," என்று அதிகாரி அன்பாகச் சொல்லி, 'புகார் இல்லை' என்று எழுதிச் சீல் வைத்தார். நான் இடையில் பேசப் போனேன். வலிக்கிறவர்தான் பேச வேண்டும், உடன் வந்தவர் பேசினால் அது சிபாரிசு ஆகும் என்றார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாயைத் திட்டினேன். "ஒரு தடவையாவது 'வலிக்குது, செத்துப்போறேன்'னு சொன்னா என்ன பாய்? வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"உசுர மிச்சம் வச்சிருக்கான் மச்சான். அவன்கிட்ட வாங்கிக்கிட்டு, கேக்குறவங்ககிட்டல்லாம் கொற சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?"



அப்புறம் போட்டோ. விண்ணப்பத்தில் முகம் நேராக இருக்கும் படம் ஏற்ற வேண்டும். மூன்று முறை ஏற்றினோம். மூன்று முறையும் 'முகம் நேராக இல்லை, நிராகரிக்கப்பட்டது' என்று திரும்பி வந்தது. தமிழ்ச்செல்வி வருத்தப்பட்டார். "கழுத்து கோணல்னு சர்ட்டிபிகேட் வாங்கத்தான வந்திருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியுதுங்க. கம்ப்யூட்டருக்கு அது தெரிய மாட்டேங்குது. ஒரு நல்ல ஸ்டுடியோவாப் பாத்துப் போங்க."

சிதம்பரத்தில் நல்ல ஸ்டுடியோ கார்த்திகேசனுடையது. சுற்றுவட்டாரத்தில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி பேனர் அங்கேதான். கல்யாணக் கூட்டத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு நின்ற ஆளைக்கூடக் கார்த்திகேசன் தனியே பிரித்தெடுத்து, தலையை நிமிர்த்தி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, ஊரைப் பார்த்துச் சிரிக்க வைத்துவிடுவார். பாயின் தலையை நிமிர்த்த அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சரிந்த தோளையும் போனால் போகிறது என்று தூக்கிவிட்டார். கன்னத்துத் தழும்பைத் துடைத்தார்.

படத்தை முதலில் வாங்கிப் பார்த்தது சலீமா அக்கா. "இவரப் பாத்து ஒன்றர வருஷம் ஆச்சு தம்பி" என்றார். கார்த்திகேசனிடம் இன்னொரு பிரதி கேட்டு வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பாயால் குனிந்து அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கும் அக்காதான் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது.

ஏழாவது தடவைதான் வாரியத்தின் முழு அமர்வு. தலைவர் டாக்டர் இளவரசு நடுவில் உட்கார்ந்திருந்தார். காத்திருந்த நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு முதலில் சிறிது பேசினார்.

"நான் பொறுப்பேத்த நாலு வருஷத்துல இந்த மாவட்டத்துல மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கை பாதியாக் கொறஞ்சிருக்கு. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியாலயும் முடியாதத நாங்க மருந்து இல்லாம, ஊசி இல்லாம, வெறும் பேனாவால சாதிச்சிருக்கோம். வரும்போது ஊனம்னு வர்றீங்க, போகும்போது நலம்னு போறீங்க. இதவிட ஒரு டாக்டருக்கு என்ன சந்தோஷம் வேணும்?"

முன்வரிசையில் கைகள் இருந்தவர்கள் தட்டினார்கள்.

பாயின் முறை வந்தது. உதவியாளர் ஒருவர் பெரிய கோணமானியோடு பக்கத்தில் நின்றார்.

"வலது பக்கம் இருக்குற கதவப் பாருங்க," என்றார் தலைவர்.

பாய் பார்த்தார். ஒன்றரை வருடமாகப் பழகிய விதத்தில், இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் திருப்பிப் பார்த்தார். உதவியாளர் மூக்குக்கு நேராக அளந்தார்.

"தொண்ணூறு டிகிரி சார்."

"பாத்தீங்களா, எனக்கே எழுவதுதான் திரும்பும்!" என்றார் தலைவர்.

"சார், அவரு இடுப்போட திரும்புறாரு," என்றேன்.

"இடுப்புக்குத் தனியா மனு போடணும்."

பிறகு திரையில் விண்ணப்பத்தைத் திறந்தார்கள். கார்த்திகேசன் நிமிர்த்திய பாய் அதில் எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். தலைவர் திரையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"படத்துல நேரா இருக்கு. நேர்ல கோணலா இருக்கு. போன மாசம் எடுத்த படம். அப்ப இது இங்க வந்ததுக்கப்புறம் சாஞ்ச கழுத்து."

"நேரா இல்லன்னு நீங்கதான சார் திருப்பி அனுப்புனீங்க? அதுக்காகத்தான் ஸ்டுடியோக்காரரு..."

"ஆளும் ஆவணமும் முரண்பட்டா ஆவணம்தான் செல்லும். விதி பதினாலு." பாயிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெரியவரே, கேன்சரயே ஜெயிச்சிருக்கீங்க. ஒரு கழுத்துக்கு இவ்வளவு கவலப்படலாமா? மனசு நேரா இருந்தா எல்லாம் நேரா இருக்கும்."

பாய்க்கு அப்போது ஐம்பத்தொரு வயது. தலைவருக்கு அதைவிட ஐந்தாறு கூட இருக்கும்.

சான்று வந்தது. 'உறுப்புகள் அனைத்தும் நலம். புகார் இல்லை. முகம் நேர்.' சுப்பராயலு அதை வாங்கிப் படித்துவிட்டுப் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துக்கள் பாய். திங்கக்கெழம வண்டி எடுத்துடுங்க."

திங்கட்கிழமை, வண்டி எடுக்க வேண்டாம் என்று அக்கா அழுதார். முதல் ட்ரிப் மட்டும் பார்க்கிறேன் என்று பாய் வந்துவிட்டார். வேலைக்கு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வண்டி கிளம்பும்போது நான் வலப்பக்கம் தரையில் நின்றுகொண்டு, அவருடைய கழுத்தாக இருந்து, "வரலாம், வரலாம்" என்று சத்தம் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டில் எத்தனை நடத்துநர் அப்படிக் கத்துகிறார்கள்! பக்கத்து வண்டிக்காரன் குரலும் என் குரலும் கலந்துவிட்டன. தலையில் வாழைத்தார் வைத்துக்கொண்டு முத்தம்மாள் வலது பக்கத்திலிருந்து குறுக்கே வந்தாள். குமராட்சியிலிருந்து தினமும் எங்கள் வண்டியில் வருகிறவள். வண்டி அவளை நோக்கித் திரும்பியது. நான் பாய்ந்து கதவை அடித்தேன். பாய் பிரேக்கை மிதித்தார். முத்தம்மாளுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.

அவள் திட்டிக்கொண்டே போய்விட்டாள். பாய் இறங்கினார். சாவியை என் கையில் வைத்தார்.

"கொன்னுருப்பேன் மச்சான். இருவத்திரெண்டு வருஷம் ஒரு கோழிக்குஞ்சக்கூட அடிச்சதில்ல. இன்னிக்கி அந்தம்மாவக் கொன்னுட்டு, எல்லா உறுப்பும் நலம்னு காயிதத்தக் காட்டிக்கிட்டு நின்னுருப்பேன்."

அன்றே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் தாமாக விரும்பி ஓய்வு பெறுகிறார் என்று சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் படிவத்துக்கும் போட்டோ வேண்டும் என்றார்கள். அக்கா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இருபத்திரண்டு வருடம் விபத்தில்லாமல் ஓட்டியவரைச் சும்மா அனுப்ப முடியுமா? பணிமனைக் கொட்டகையில் பிரிவு விழா. மேடைக்குப் பின்னால் கார்த்திகேசனின் பேனரில் பாய் நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பேனரைப் பார்த்த இரண்டு பயணிகள், "எப்ப தவறுனாரு?" என்று என்னிடம் கேட்டார்கள். சிறப்பு விருந்தினர் டாக்டர் இளவரசு. ஊழியர்களின் ஆரோக்கியம்தான் சங்கத்தின் சொத்து என்று அரை மணி நேரம் பேசினார்.

அப்புறம் மாலை. ஆள் உயர ரோஜா மாலை. சுப்பராயலு குள்ளமான மனிதர்.

"கொஞ்சம் குனிங்க பாய்," என்றார்.

பாய் குனிய முயன்றார். கழுத்து குனியவில்லை. முழங்காலை மடக்கினார். போதவில்லை. ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார்கள். சுப்பராயலு ஸ்டூல் மேல் ஏறி மாலையைப் போட்டார். அது சரிந்த இடது தோளில் வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்துப் போட்டார்கள். மறுபடியும் விழுந்தது. போட்டோக்காரர் காத்திருந்தார். டாக்டர் இளவரசு எழுந்து வந்து மாலையின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார்.

"கழுத்தக் கொஞ்சம் நேரா வச்சுக்குங்க, மாலை நிக்க மாட்டேங்குது பாருங்க."

"அதுக்கு ஒங்க ஃபாரத்துல கட்டம் இல்லீங்களே சார்," என்றார் பாய்.

கொட்டகையே சிரித்தது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் டாக்டர்தான். "மனசும் நல்லாத்தான் இருக்கு, அந்தக் கட்டமும் நலம்!" என்று மைக்கில் சொன்னார். பாயும் சிரித்தார். கன்னம் இறுகியிருப்பதால் அவருக்குச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வரும். பெண்கள் வரிசையில் சலீமா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த மைக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. எனக்கும் அங்கேதான் வேலை.

விழா முடிந்து எங்கள் வண்டியிலேயே பாயும் அக்காவும் ஊருக்குத் திரும்பினார்கள். ஸ்டியரிங்கில் புது ஓட்டுநர். பாய் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். தலை சாய்ந்த பக்கம் அதுதான். வெளியே பார்ப்பதற்குத் தோதாக இருக்கும். அவருக்கு வலப்பக்கம் அக்கா, மடியில் அந்த மாலையோடு. நான் இரண்டு விசில் கொடுத்தேன்.

பழக்கம் யாரை விட்டது! வண்டி நகரும் முன்பு வலது பக்கக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று பாய் திரும்பினார். கழுத்து வரவில்லை, தோளும் மார்பும் இடுப்பும் சேர்ந்து திரும்பின. அங்கே கண்ணாடி இல்லை. அக்கா இருந்தார்.

"வலிக்குதாங்க?" என்று கேட்டார் அக்கா. ஒன்றரை வருடமாக அவர் கேட்டுவரும் கேள்விதான். அதற்கு வரும் பதில் எனக்கும் மனப்பாடம்.

பாயின் வாய் 'அல்ஹம்...' என்று தொடங்கப் போய் நின்றது.

"வலிக்குது சலீமா," என்றார். "ரொம்ப வலிக்குது."

அக்கா மாலையைக் கீழே வைத்துவிட்டு, அவர் கழுத்தின் இடது பக்கத்தில், அறுத்துத் தைத்த அந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தார். ஊர் வரும் வரை எடுக்கவில்லை. ஏழு தடவை வாரியத்துக்குப் போயும் ஒருவர்கூட அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.